நமுனுகுலப் பகுதியில் அடைக்கோழியும் குஞ்சு வளர்ப்பும்

பதுளையிலிருந்து தென்கிழக்கே நோக்குவோருக்கு நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கு மேல் உயர்ந்து தோன்றும். ஒன்பது சிகரங்கள் என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள். மலைச்சரிவுகளில் தேயிலையும், ஓடைகளையொட்டிய தாழ்நிலங்களில் படிப்படியான வயல்களும், லயங்களையும் குடிமனைகளையும் சூழ்ந்து போஞ்சி, கோவா, கரட், உருளைக்கிழங்குப் பாத்திகளும் அமைந்துள்ளன. கோழி மேயாத லயத்தை இங்கே காண்பது அரிது. காலையிற் கூட்டைத் திறந்துவிட்டால் மாலையில் தாமே வந்தடையும் இக்கோழிகளுக்கென எவரும் பெருஞ்செலவு செய்வதில்லை. முட்டை விற்ற காசும், தீபாவளிக்கு விற்ற சேவலின் விலையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கையிருப்பாகும். பிள்ளையின் பாடக்கொப்பியும், எதிர்பாராத மருந்துச் செலவும் அதிலிருந்தே நடைபெறுகின்றன.

இவ்வருவாய் பெருகாதது ஏன்? பத்து முட்டை வைத்தால் எட்டுக் குஞ்சு பொரிக்கின்றது. இரண்டு மாதத்தின் பின் எண்ணிப் பார்த்தால் இரண்டோ மூன்றோதான் மிஞ்சியிருக்கின்றன. கோழி வளர்ப்போர் பலரும் கூறும் முறைப்பாடு இது. முட்டையின்மீதும் கோழியின்மீதும் பழியைச் சுமத்துவோர் உளர். ஆயின், முட்டையிலிருந்து குஞ்சை வெளிக்கொணரும் தன் கடமையை அடைக்கோழி செவ்வனே செய்துவிட்டது. குஞ்சுகள் மடிவது பொரித்தபின் வரும் முதல் நான்கு கிழமைகளிலாகும். மழை, குளிர், காகம், கீரி, நோய் என்பனவே அவற்றைக் கொண்டுசெல்கின்றன. இவற்றைக் கோழியால் முற்றாகத் தடுத்தல் இயலாது; வளர்ப்போர் தடுக்கலாம். எனவே, இத்துண்டுப்பிரசுரம் அடைவைத்தலைப் பற்றிக் கூறினும், பெரிதும் அந்நான்கு கிழமைகளையே கருதியதாகும்.

ஊர்க்கோழியின் சிறப்பு

முட்டைக்கென வளர்க்கப்படும் இக்காலக் கலப்புக் கோழிகள் ஆண்டுக்கு 250 முதல் 300 முட்டைவரை இடுகின்றன. ஊர்க்கோழியோ 40 முதல் 60 முட்டையே இடும். இக்கணக்கைக் கேட்டு ஊர்க்கோழியை இகழ்தல் கூடாது. அடைகிடக்குங் காலத்தில் கோழி முட்டையிடாது. ஆகவே, வெள்ளை லெகோர்ன் முதலிய இனங்களை உருவாக்கியோர், அடைகிடக்கும் கோழிகளைத் தலைமுறை தலைமுறையாக விலக்கி, அவ்வியல்பையே அவற்றிலிருந்து நீக்கிவிட்டனர். அவற்றைப் பெருக்குவதற்கு அடைகாப்புப் பொறியும், மின்சாரமும், தீன்மூட்டையும் வேண்டும். இம்மூன்றும் இன்றித் தன் இனத்தைத் தானே பெருக்குவது ஊர்க்கோழியே.

ஊர்க்கோழிகளுள்ளும் தெரிவு வேண்டும். கழுத்தில் இறகில்லாத வகையைச் சிலர் விரும்பி வளர்க்கின்றனர். அவ்வகைக்கு உடம்பிலும் இறகு குறைவாதலின், அது வெப்பமான தாழ்நிலத்துக்கு மிகவும் ஏற்றது. இரவிற் குளிர்ந்த மூடுபனி இறங்கும் இம்மலைப்பகுதியில் குஞ்சுகளைச் சிறகில் மூடிக் காப்பதற்கு இறகடர்ந்த, அமைதியான, நடுத்தரப் பருமனுள்ள கோழியே தகுந்தது. மிகப் பருத்த கோழி முட்டைகளை மிதித்து உடைத்துவிடும்.

நமுனுகுலக் காட்டோரங்களில் விடியற்காலையிற் கூவும் காட்டுக்கோழி நம் நாட்டின் தேசியப் பறவையாகும். அதனையே வீட்டுக்கோழியின் மூதாதை எனப் பலர் எண்ணுவர். அது சரியன்று. வீட்டுக்கோழி பெரும்பாலும் ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழியின் வழிவந்தது. இலங்கைக் காட்டுக்கோழி வேறோரினம். அது ஓரடைக்கு இரண்டு முதல் நான்கு முட்டையே இடும். அம்முட்டைகளை எடுத்துவந்து வீட்டுக்கோழியின் கீழ் வைத்துப் பார்ப்போரும் உளர். அதனை விட்டுவிடுதல் வேண்டும்.

அடைவைக்குங் காலம்

கோழி அடைகிடக்கத் தொடங்கியவுடன் முட்டை வைத்துவிடுதல் இங்குள்ள வழக்கம். எமது கருத்தில் குஞ்சுகளின் அழிவு பாதிக்கு மேல் இங்கேயே தீர்மானிக்கப்பட்டுவிடுகின்றது.

ஊவாவின் மழை மேற்கு மலைநாட்டின் மழையை ஒத்ததன்று. ஆனி, ஆடி மாதங்களில் ஹற்றன் பகுதி தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்க, மலைத்தொடருக்கு இப்பாலுள்ள ஊவாவில் வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குத் தனிமணம் வருவதும் அக்காற்றினாலேயே. இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை நீடிக்கும். சித்திரையிற் பிற்பகல் இடிமழை பெய்யும். ஐப்பசி, கார்த்திகையிற் பொரித்த குஞ்சுகளுக்கு உலர்ந்த நிலம் கிடைப்பதில்லை. அவற்றின் உடலில் இருப்பது மென்மயிர். அது நீரைத் தடுக்காது. ஒருமுறை நன்றாக நனைந்த குஞ்சு அன்றிரவே விறைத்துச் சாகக்கூடும்.

ஆகவே, இப்பகுதிக்கு இரண்டு காலங்களே சிறந்தன. தைப்பொங்கல் கழிந்தவுடன் அடைவைத்தால் மாசித் தொடக்கத்திற் குஞ்சு பொரிக்கும். காலபோக அறுவடையும் அக்காலத்தை அடுத்து வருவதால், களத்திற் சிந்திய நெல்லும் குருணலும் தாய்க்கும் குஞ்சுக்கும் உணவாகும். சித்திரை மழை வருமுன் குஞ்சுகளுக்கு இரண்டு மாதம் நிறைந்து இறகும் மூடிவிடும். அடுத்தது வைகாசித் தொடக்கம். அப்பொழுது வைத்தவை அம்மாத இறுதியிற் பொரித்து வறண்ட மாதங்களில் வளரும். ஆனால், கச்சான் காற்று வீசும் பக்கத்தைச் சாக்கினாலோ பலகையினாலோ மறைத்துக் கொடுத்தல் வேண்டும்.

வேண்டாத காலத்தில் அடைகிடக்கும் கோழியை என் செய்வது? நீரில் முக்குவதும், மூக்கிற் சிறகைச் செருகுவதும் கொடுமையாவதோடு பயனும் குறைந்தவை. அடிப்பாகம் கம்பியாலோ சிலாகையாலோ ஆன, காற்றோட்டமும் வெளிச்சமும் உள்ள கூட்டில் மூன்று நான்கு நாள் அடைத்து, தீனும் நீரும் கொடுத்துவரின் அடை கலைந்துவிடும். வயிற்றின்கீழ் வெப்பம் தங்காதிருத்தலே இதன் நுட்பம்.

கூடும் முட்டையும்

இரவிலும் முட்டைக்கூட்டை விட்டு நீங்காமல், இறகைச் சிலிர்த்து, கிட்டச் சென்றாற் கொத்தி, ஒருவகை அடித்தொண்டைக் குரல் எழுப்பும் கோழி அடைக்கு வந்ததாகும். அதனை இரண்டு நாள் வேண்டாத முட்டைகளின்மீது இருத்திப் பார்த்தல் நலம். நிலைத்து இருப்பின், இருட்டியபின் நல்ல முட்டைகளை அதன்கீழ் வைக்கலாம். பகலில் வைத்தாற் சில கோழிகள் வெருண்டு எழுந்துவிடும்.

கூட்டுக்கு ஒரு பழைய மரப்பெட்டி அல்லது கடகம் போதும். அடியில் ஈரமற்ற மண்ணையும் சாம்பலையும் கிண்ணம்போற் குழித்துப் பரப்பி, அதன்மேல் உலர்ந்த வைக்கோலையோ மானாப்புல்லையோ இடுக. சாம்பல் கோழிப்பேனை அடக்கும். அடைக்கு முன்னரே கோழியின் சிறகடியையும் வாலடியையும் விலக்கிப் பார்த்துப் பேனை ஒழித்தல் வேண்டும். பேனின் தொல்லையாற் கூட்டைவிட்டு ஓடும் கோழிகள் பல. வீட்டின் புகைபடியாத ஓர் இருண்ட மூலையிற் பெட்டியை வைக்கலாம். லயத்து வாசலின் ஒழுக்கின்கீழ் வைத்தல் ஆகாது.

முட்டைகள் ஏழு நாளுக்கு மேற்படாதனவாய் இருத்தல் வேண்டும். கூர்முனை கீழாக, குளிர்ந்த இடத்திற் சேர்த்துவைக்க. கழுவுதல் கூடாது, ஓட்டின்மேலுள்ள மெல்லிய படலம் நீங்கி நோய்க்கிருமி உட்புகும். சேவலின்றி இட்ட முட்டை குஞ்சாகாது என்பதை யாவரும் அறிவர். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும். தாழ்நிலத்திற் பதின்மூன்று முட்டை வைப்பர். இக்குளிர்ப்பகுதியில் ஒன்பது முதல் பதினொன்றே தகும். ஓரத்து முட்டை கோழியின் உடலிற் படாது குளிர்ந்தால் உள்ளிருக்கும் கரு சாகும். கோழி முட்டைகளை உருட்டி இடம்மாற்றுமாதலின், நாளைக்கு வேறொரு முட்டை ஓரத்துக்கு வரும். இவ்வாறு இரண்டு முட்டையின் பேராசை நான்கைக் கெடுக்கும்.

இடிமுழக்கத்துக்கு அஞ்சி, முட்டைகளோடு இரும்புத்துண்டும் கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் வைத்தல் நம் முன்னோர் வழக்கம். அவற்றால் தீங்கில்லை, விரும்புவோர் வைக்கலாம். ஆனால், இடிமழைக் காலத்தில் முட்டைகள் கூமுட்டையாவதற்கு இடியைப் பார்க்கிலும், நனைந்த கூடும், வெருண்டெழுந்த கோழியுமே காரணமாவன. இரும்பு வைத்த கையோடு கூரையின் ஒழுக்கையும் அடைத்துவிடுதல் வேண்டும்.

இருபத்தொரு நாள்

கோழிமுட்டை பொரிக்க 21 நாளும், வாத்து முட்டை பொரிக்க 28 நாளும் செல்லும். முட்டைக்கு வேண்டிய ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸ் வெப்பத்தைக் கோழி தன் மார்பின்கீழ் இறகு உதிர்ந்த வெற்றுத்தோலினால் அளிக்கின்றது. இதில் நாம் கற்பிப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வேலை அதற்கு உணவளித்தலே.

அடைக்கோழி நாளொன்றுக்கு ஒருமுறை, கால்மணி நேரமளவுக்கு, இறங்கி உண்டு, நீர் பருகி, எச்சமிட்டு, மண்ணிற் குளித்து மீளும். சில கோழிகள் தாமாக இறங்கா. அவற்றை மெல்லத் தூக்கி இறக்குக. சிறகிடையில் முட்டை சிக்கியிருத்தல் கூடுமாதலின் முதலில் அதனைப் பார்க்க. கொழுந்தெடுக்கச் செல்லும் பெண்கள் விடியற்காலையிற் பிரட்டுக்குப் புறப்பட்டு மாலையிலேயே திரும்புவர். அவர்கள் புறப்படுமுன் அல்லது திரும்பியவுடன் ஒரு நேரத்தை நிலையாக வைத்துக்கொண்டால், இரண்டு மூன்று நாளிற் கோழியும் அந்நேரத்துக்குப் பழகிவிடும். நேரத்தை மாற்றாதிருத்தலே முக்கியம். உணவு நெல், சோளம், குரக்கன் போன்ற முழுத் தானியமாக இருக்கட்டும். தவிட்டுக் குழையல் கொடுத்தால் எச்சம் இளகிக் கூடு அழுக்குறும்.

ஏழாம் நாளிரவு முட்டைகளை ஒளியிற் பிடித்துப் பார்த்தல் வேண்டும். முன்னர் இதற்கு மெழுகுதிரியும் துளையிட்ட அட்டையும் தேவைப்பட்டன. இன்று கைத்தொலைபேசியின் விளக்கே போதும். கருவுள்ள முட்டையில் ஒரு கரும்புள்ளியும், அதிலிருந்து சிலந்தியின் கால்கள்போற் பரந்த செந்நரம்புகளும் தோன்றும். தெளிவாகத் தெரிவது கருவற்றது. கிரேக்க அறிஞர் அரிசுத்தாத்தில் 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே கோழிமுட்டைக் கருவின் வளர்ச்சியை ஆராய்ந்து, மூன்று நாள் சென்றபின் இதயம் ஓர் இரத்தப்புள்ளியாகத் தோன்றுவதை எழுதிவைத்தார். அவர் கண்டதை உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். அது அவர்களுக்குப் பாடமாகும்.

இயன்றால் இரண்டு கோழிகளை ஒரேயிரவில் அடைவைத்தல் மிகவும் பயனுடையது. ஏழாம் நாளிற் கருவற்றவற்றை நீக்கியபின் முட்டை குறைந்தால், எல்லாவற்றையும் ஒரு கோழிக்குக் கொடுத்து மற்றதை விடுவிக்கலாம்.

பதினெட்டாம் நாளுக்குப் பின் முட்டைகளைத் தொடற்க. அப்பொழுது முட்டைக்குள்ளிருந்து குஞ்சு குரல் கொடுக்கத் தொடங்கும். தாயும் மறுகுரல் கொடுக்கும். ஓட்டிற் கீறல் தோன்றியபின் முழுதும் வெளிவருதற்கு அரைநாள் முதல் ஒருநாள்வரை செல்லலாம். பொறுமையிழந்து ஓட்டை உரித்து உதவுவோர் குஞ்சின் இரத்தக்குழாய்களை அறுத்துவிடுகின்றனர். பொரித்த குஞ்சு மஞ்சட்கருவின் மிச்சத்தை வயிற்றில் உள்ளடக்கி வருவதால், இரண்டு நாள்வரை தீனின்றித் தாங்கும். கடைசிக் குஞ்சு வெளிவரும்வரை தாய் கூட்டிலே இருக்கத்தக்கதாக இயற்கை செய்த ஏற்பாடு இது.

முதல் நான்கு கிழமைகள்

பொரித்த மறுநாளே தாயையும் குஞ்சுகளையும் வெளியே விடுதல் பெரும்பாலோர் செய்வது. தாய்க்கோழி ஊக்கமுடையது, அது குஞ்சுகளைத் தேயிலைச் செடிகளினூடும் ஓடைக்கரைக்கும் இழுத்துச் செல்லும். பின்தங்கியதைக் காகம் கொத்திச் செல்லும். வல்லூறு மேலிருந்து இறங்கும். கீரி பகலிலே வரும். மரநாய் இரவிலே வரும். வீட்டில் ஆளில்லாத நேரத்தில் மழை வந்துவிட்டால், எஞ்சியவை நனையும்.

இதற்குத் தீர்வு புதியதன்று. கரப்பு என்றும் பஞ்சாரம் என்றும் வழங்கும் கவிழ்கூடையை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். மூங்கிலால் அகன்ற கண்ணிட்டு முடைந்த கூடையைத் தாயின்மேற் கவிழ்த்துவிடுக. குஞ்சுகள் கண்களினூடாக வெளியே சென்று மேயும். தாயின் அழைப்புக் குரல் கேட்டால் உள்ளே ஓடிவரும். தாய் நெடுந்தூரம் செல்ல இயலாதாகையால் குஞ்சுகளும் செல்லா. கூடையைச் சுற்றிச் சில முழ அகலத்துக்குப் பழைய மீன்வலையையோ முட்கிளைகளையோ மேலே பரப்பினாற் காகமும் வல்லூறும் அணுகா. கூடையின் உச்சியில் தகரமோ மெழுகுசீலையோ கட்டி, மேடான இடத்தில் வைத்தால், வீட்டார் மலைக்குச் சென்றிருக்கும்போது மழை பெய்தாலும் தாயின் சிறகடியில் உலர்ந்த இடம் இருக்கும். வீட்டில் ஆளில்லாத முதல் இரண்டு கிழமையும் குஞ்சுகளை இவ்வரணுக்கு வெளியே விடாதிருத்தல் நன்று.

மரக்கறி செய்வோருக்கும் இக்கூடை வேலியாகும். பாத்தியைக் கிளறிக் கெடுப்பது தாயின் கால்களே. தாய் கூடைக்குள் இருக்க, குஞ்சுகள் கோவாப் பாத்தியில் நுழைந்து சிறு புழுக்களைப் பொறுக்கும், செடிக்குச் சேதமில்லை. அயலவரின் நாற்றுமேடையைக் கோழி கிளறியதால் எழும் பூசல்களும் இதனாற் குறையும். பூச்சிகொல்லி தெளித்த பாத்தியின் அருகே மட்டும் கூடையை வைத்தல் கூடாது.

இரவில் தாயையும் குஞ்சுகளையும் தரையினின்று மூன்றடி உயர்த்திய கூட்டில் அடைக்க. கீழே உமி பரப்பி, ஈரமானவுடன் மாற்றுக. குஞ்சு புகும் இடைவெளியிற் சாரைப்பாம்பும் புகும் என்பதை மறவாது, இரவுக்கூட்டுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை அடித்தல் வேண்டும். கடுங்குளிர் இரவில் மூடிய அறைக்குள் கரிநெருப்பு வைப்போர் உளர். அதன் நச்சுவாயு குஞ்சை மட்டுமன்று, உடன் உறங்கும் மனிதரையும் கொல்லும். சுடவைத்த கல்லைச் சாக்கிற் சுற்றி வைப்பதே போதுமானது.

தீன் பற்றிச் சில சொற்கள். குருணல், இடித்த குரக்கன், பொடித்த பயறு, சிறிது தேங்காய்ப்பூ என்பன முதற்கிழமைக்கு ஏற்றவை. இவற்றில் மாப்பொருள் மிகுதி. வளருங் குஞ்சுக்குப் புரதமும் வேண்டும். பழைய மண்பானையிற் சாணமும் கிழிந்த சாக்கும் இட்டு நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையிற் கவிழ்த்துவைத்தால், மறுநாட் காலையிற் கறையான் மொய்த்திருக்கும். அதனைத் தட்டிக் கொடுத்தாற் குஞ்சுகள் போட்டியிட்டு உண்ணும். செலவில்லாத புரதம் அது. நீரை ஆழமற்ற தட்டில் வைத்து, நடுவே கூழாங்கற்களை இட்டால் குஞ்சு விழுந்து நனையாது.

பூஞ்சணம் பிடித்த சோளத்தையும் பிண்ணாக்கையும் கோழிக்குத்தானே என்று கொடுத்தல் பெருந்தவறு. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் வான்கோழிகள் காரணம் தெரியாது மடிந்தன. அவை உண்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. அந்நஞ்சுக்கு அபிளாரொட்சின் என்று பெயர். மூடுபனி நிறைந்த நம் பகுதியில் தானியம் எளிதிற் பூஞ்சணம் பிடிக்குமாதலின் இதிற் கவனம் வேண்டும்.

லயம் முழுவதும் ஒரே மந்தை

மேற்கூறிய யாவற்றையும் செய்து வளர்த்த கோழிகளை ஒரே கிழமையில் வாரிச் செல்வது இராணிக்கெட் நோய். 1926 இல் யாவாவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும், அடுத்து இந்தியாவின் இராணிக்கெட் என்னும் மலையூரிலும் இது கண்டறியப்பட்டது. பெயர்கள் அவ்வூர்களால் வந்தன. பச்சை கலந்த கழிச்சல், மூச்சுத்திணறல், சிறகு தொங்கல், கழுத்துத் திருகல் என்பன அறிகுறிகள். நோய் வந்தபின் மருந்தில்லை; வருமுன் தடுப்புமருந்து உண்டு.

குளிர்ப்பெட்டியின்றித் தடுப்புமருந்தைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லுதல் எக்காலத்தும் கடினம். இக்குறையைக் கருதி, வெப்பத்தை ஓரளவு தாங்கும் ஐ-2 என்னும் தடுப்புமருந்து அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கப்பட்டு, பல நாடுகளின் ஊர்க்கோழிகளுக்குப் பயன்பட்டுள்ளது. கண்ணில் ஒருதுளி, நான்கு மாதத்துக்கு ஒருமுறை என்பது அதன் முறை. உங்கள் பகுதியில் வழங்கப்படும் மருந்தையும் அதன் முறையையும் அண்மையிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்திற் கேட்டறிக.

ஒரு வீட்டார் மட்டும் மருந்திடுவதாற் பயன் குறைவு. பத்துக் காம்பராக்களின் கோழிகளும் ஒரே வாசலில் மேய்கின்றன. ஒரே காணில் நீர் பருகுகின்றன. நோய்க்கு லயம் முழுவதும் ஒரே மந்தையாகும். ஆகவே, ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, எல்லாரும் முதல்நாளிரவே கோழிகளைக் கூட்டில் அடைத்துவைத்து, மறுநாள் ஒருங்கே மருந்திடுதல் வேண்டும். பசறை, பதுளைச் சந்தைகளில் வாங்கிய கோழியை இரண்டு கிழமை தனியே வைத்தபின்னரே மற்றவற்றோடு சேர்க்க. நோயுற்றதை விலை வருமட்டும் என்று அவசரமாக விற்போர் அயற்றோட்டத்துக்கு நோயை விற்கின்றனர். இறந்ததை ஓடையில் எறியாது ஆழப் புதைக்க.

பிரித்தலும் விற்றலும்

தாய் குஞ்சுகளைத் தானே விலக்குவதற்கு இரண்டு மாதத்துக்கு மேலாகும். நான்கைந்து கிழமையிற் பிரித்தாற் கோழி விரைவில் மீண்டும் முட்டையிடும். மாசியிற் பொரித்தவற்றை ஐந்தாங் கிழமையிற் பிரிக்கலாம். ஆயினும் இரவில் அவற்றைச் சாக்குவிரித்த பெட்டியில் ஒருங்கே அடைத்தல் வேண்டும். இறகு முளைக்காத குஞ்சைக் கணக்குப் பார்த்துப் பிரிப்பதில் இலாபமில்லை.

ஊர்ச்சேவல் விற்கும் பருவத்தை அடைய ஐந்தாறு மாதம் செல்லும். வைகாசி இறுதியிற் பொரித்தவை தீபாவளிச் சந்தைக்கு உதவும். மாசியிற் பொரித்தவை அதற்குள் முற்றிய சேவலாகி நல்ல விலை பெறும். தீபாவளி நெருங்கும்போது எடை மிகுந்த பெட்டையையும் சேர்த்துக் கேட்டு வியாபாரிகள் லயத்துக்கு வருவர். எந்தத் தாய் கூட்டைவிட்டு எழாமல் அடைகிடந்து, மிகுதியான குஞ்சுகளைக் காப்பாற்றியதோ, அதன் பெட்டைக்குஞ்சுகளின் காலில் முன்னரே ஒரு நிறத்துணியைக் கட்டிவைக்க. அவற்றை எவ்விலைக்கும் கொடாது, அடுத்த தைமாத அடைக்கு நிறுத்துதல் வேண்டும். சேவலை மட்டும் வேறொரு வீட்டிலிருந்து மாற்றிக்கொள்க.